பொறியியல் கலந்தாய்வு: இடம் எப்போது தெரியும்?

பிளஸ் டூ மதிப்பெண் வந்துவிட்டது, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. எந்தக் கல்லூரி என்று தெரிய ஏன் இத்தனை வாரம் என்று பல வீடுகளில் தவிப்பு. இடையில் நடக்கும் வேலை அதிகம். ரேண்டம் எண், சான்றிதழ் சரிபார்ப்பு, அதன்பிறகே தரவரிசைப் பட்டியல். அந்தப் பட்டியலுக்கு அடிப்படை, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப். இருவர் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை.

கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் சுற்றுச் சுற்றாக நடக்கும். உங்கள் சுற்றில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ததும் முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடுதான். அதை இணையத்தில் உறுதி செய்யக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. தவறவிட்டால் அந்த இடம் கைநழுவிவிடும். நன்றாகப் படித்த பிள்ளைகள் இந்த ஒரு கட்டத்தில் கோட்டை விடுவது மனதை வருத்துகிறது.

பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். சந்தேகம் இருந்தால், பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் உங்கள் மாவட்ட உதவி மையத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.