வாடைக்காற்று வளர்த்த துறைமுகம்

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் பழைய வணிகப் பண்டசாலைகளைவிடப் படைக் கட்டிடங்களே கண்ணில் படும். காரணம் வாடைக்காற்று. ஐப்பசி பிறந்தால் சோழமண்டலக் கரை பாய்மரக் கப்பல்களுக்கு ஆபத்தான இடம். அந்நாளைய சென்னைக்குத் துறைமுகமே இல்லை; கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. புயலுக்கு ஒதுங்க அவற்றுக்குக் குன்றுகள் சூழ்ந்த, ஆழமான திருகோணமலைக் குடா வேண்டியிருந்தது.

ஒதுங்கிய கப்பலுக்கு வேலையும் நடக்கும். பாரத்தை இறக்கி, கப்பலை ஒருபக்கம் சரித்து, அடியில் படிந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுவார்கள். புழு அரித்த பலகைகளை மாற்றுவார்கள். மரத்துக்கும் பஞ்சமில்லை. திருகோணமலைக் காடுகளின் சாவண்டலை மரம் சென்னைக்குப் போய், அங்கே அலை தாண்டி ஆட்களைக் கரைசேர்த்த மசூலாப் படகுகளாயிற்று. கோட்டைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இந்தத் தச்சுத் தொழிலைப் பற்றி எழுதியது போதாது.

இப்படிப்பட்ட துறையை யார்தான் விடுவார்கள்? போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினர். இன்றும் அதன் வாசற்கல்லில் பாண்டியரின் இணைக்கயலையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் காணலாம். 1639இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பின்னர் துறைமுக வாயிலில் ஒஸ்டென்பேர்க் கோட்டையையும் எழுப்பினர். 1782இல் மட்டும் துறை இருமுறை கைமாறியது: முதலில் ஆங்கிலேயருக்கு, பிறகு பிரெஞ்சுக்காரருக்கு. 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை வளர்த்தனர். சீனக்குடாவில் அவர்கள் அமைத்த எண்ணெய்க் குதங்களில் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய வான்தாக்குதலில் எரிந்தது.

1957இல் தளம் இலங்கையிடம் வந்தது. இப்போது அது கடற்படையின் கையில் இருக்கிறது. படை இருந்ததால் பல கட்டிடங்கள் இடிபடாமல் தப்பின என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஊர்மக்களுக்கு அவை தூரத்துக் காட்சியாகவே ஆகிவிட்டன.

1817இல் பம்பாயின் வாடியா தளத்தில் தேக்கால் கட்டப்பட்டு, இந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. 1990இல் தொடங்கிய அதன் புனரமைப்பு 2001இல் முடிந்தது. இன்று யாரும் ஏறிப் பார்க்கலாம். அதே அக்கறை இந்தக் கரைக்கும் வேண்டும். கடற்படையும் தொல்பொருள் திணைக்களமும் பழைய கட்டிடங்களின் விவரத்தை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, பாதுகாப்புக்கு இடையூறில்லாத பகுதிகளையாவது திருகோணமலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.