பெட்ரோல் நெடி தரும் எச்சரிக்கை

மகிழுந்தில் ஏறியதும் பெட்ரோல் நெடி வீசுகிறதா? அதை அலட்சியம் செய்யாதீர்கள். பெட்ரோல் எளிதில் ஆவியாகும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையை ஒட்டிப் பரவும்; சிறு தீப்பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

நெடி எப்போது, எங்கே வீசுகிறது என்று கவனித்தால் காரணம் புலப்படும். எண்ணெய் நிலையத்திற்குச் சென்று வந்த பிறகு வீசினால், முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் இறுக மூட வேண்டும். அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிய மூடி பொருத்த வேண்டும். நிரப்பும் குழாய் தானாக நின்ற பிறகும் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஊற்றினால், ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டி நனைந்து பழுதாகலாம்.

இயந்திரப் பகுதியில் நெடி வீசினால் எரிபொருள் குழாயில் கசிவு இருக்கலாம். அதைப் பட்டறையில்தான் சரிசெய்ய வேண்டும். வண்டியின் அடியில் பெட்ரோல் சொட்டினால் இயந்திரத்தை முடுக்கக்கூடாது. அனைவரும் இறங்கி, தொலைவில் நின்று உதவிக்கு அழைக்க வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால் மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

நெடுநேரம் வண்டி ஓட்டுபவரின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். புதிதாக ஏறும் உங்களுக்கே அது முதலில் தெரியும். ஆகவே, உடனே சொல்லுங்கள், தயங்காதீர்கள்.