பெயர்ச் சர்ச்சை ஓய்ந்தது, கிருமி ஓயவில்லை

புது தில்லி: மருத்துவமனைக் கிருமி தொடர்பான ஒரு பெயருக்காக நாடாளுமன்றம் கொதித்தெழுந்தது 2010 ஆகஸ்டில். மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களில் காணப்பட்ட ஒரு நொதிக்கு "நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்-1", சுருக்கமாக என்டிஎம்-1, எனப் பெயரிடப்பட்டதே அதற்குக் காரணம். சிகிச்சைக்காக இந்தியா வரும் வெளிநாட்டவரை அச்சுறுத்தித் தடுக்கும் சதி இது என்று மாநிலங்களவையில் குற்றம்சாட்டப்பட்டது.

புது தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, ஸ்வீடனில் வாழும் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008-ல் கண்டறியப்பட்ட இந்த நொதிக்கு 2009-ல் பெயர் சூட்டப்பட்டது. 2010-ல் "லான்செட்" குழும இதழில் வெளியான ஆய்வு, சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்டிஎம்-1 இருப்பதைத் தெரிவித்தது. அவ்வாய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். ஒரு நகரின் பெயரைச் சூட்டியது தவறு என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்ததுடன் சர்ச்சை தணிந்தது. ஆனால் அக்கிருமி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு எவ்வாறு செல்கிறது, அதை யார் தடுப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

கைகளே வாகனம்: மருத்துவமனையில் கிருமியைச் சுமந்து செல்லும் முதன்மை வாகனம் மனிதக் கைகளே. ஒரு நோயாளியின் புண்ணைத் துடைத்த கை, கழுவப்படாமல் அடுத்தவரின் ஊசிக்குழாயைத் தொட்டால் போதும். மாற்றப்படாத கையுறையும் அதே தீங்கைச் செய்யும். உடலின் இயற்கை அரண்களைக் கடந்து பொருத்தப்படும் சிறுநீர்க் குழாய், ரத்தநாளக் குழாய், வென்டிலேட்டர் குழாய் ஆகியவை கிருமி உள்ளே நுழைய நேர்வழி அமைத்துக் கொடுக்கின்றன. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா, கட்டில் கம்பி போன்ற உலர்ந்த பரப்புகளில் நாள்கணக்கில் உயிர் வாழக்கூடியது. கைகழுவும் தொட்டியின் வடிகாலிலும் கிருமிகள் தங்கிவிடுவதுண்டு.

என்டிஎம்-1 கவலை அளிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கடும் தொற்றுகளுக்கு அளிக்கப்படும் கார்பபெனம் வகை மருந்துகளையே இந்நொதி சிதைத்துவிடுகிறது. இதை உருவாக்கும் மரபணு, ஒரு வகை பாக்டீரியாவிலிருந்து மற்றொரு வகைக்குத் தாவக்கூடியது. எனவே ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தேவையின்றி அளிக்கும்போது, எதிர்ப்புத் திறனற்ற கிருமிகள் மடிய, எதிர்ப்புத் திறன் பெற்றவை மட்டும் பெருகுகின்றன.

மருத்துவமனைச் சுவர்களுக்குள் இது அடங்கிவிடவில்லை. புது தில்லியில் எடுக்கப்பட்ட 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கிய மற்றும் கசிவு நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் இந்த மரபணு இருந்ததாக 2011 ஏப்ரலில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பச்சிளம் குழந்தைகள்: இதற்குக் கொடுக்கப்படும் விலையைத் தில்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடைபெற்ற ஆய்வு எடுத்துக்காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகள் இதில் கண்காணிக்கப்பட்டனர். இக்குழந்தைகளிடையே நேரிட்ட மரணங்களில் ஏறத்தாழ காற்பங்குக்கு ரத்தத் தொற்றே காரணமாக இருந்தது. பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் தோன்றியவை. அதிகம் காணப்பட்ட கிருமிகள் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். இவை மருத்துவமனைகளில் வேரூன்றும் கிருமிகள் என்பதால், பிரசவ அறையின் தூய்மையே கேள்விக்குள்ளாகிறது.

சட்டம் என்ன செய்தது?: நாடாளுமன்றம் கொந்தளித்த அதே 2010 ஆகஸ்டில், 18-ம் தேதி, மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மருத்துவமனைகளுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுப்பது அதன் நோக்கம். ஆனால் மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலங்கள் ஏற்றால் மட்டுமே அது செல்லுபடியாகும். 2012 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அதன் வரம்புக்குள் இருந்தவை 4 மாநிலங்களும், தில்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களும்தான். தலைநகரின் பெயருக்காக வாதாடிய சட்டம் இயற்றுவோரின் சட்டம், தலைநகர மருத்துவமனைகளுக்கே எட்டவில்லை.

பின்னர் சில முயற்சிகள் நடந்தன. மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாத 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கும் "ஹெச்-1" பட்டியல் 2014 மார்ச்சில் அமலானது. மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் தேசிய செயல்திட்டம் 2017-லும், மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2020-லும் வெளியாயின. நெறிகள் ஏட்டில் உள்ளன. அவை ஒவ்வொரு வார்டிலும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதே எஞ்சியுள்ள பணி.

செலவு சிறிது: உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையின்படி, வளரும் நாடுகளில் மருத்துவமனைகளில் சேரும் 100 நோயாளிகளில் 15 பேர் அங்கேயே புதிதாகத் தொற்றுக்கு ஆளாகின்றனர், வளர்ந்த நாடுகளில் 7 பேர். கைத்தூய்மை உள்ளிட்ட எளிய நடைமுறைகளால் இவற்றில் 70 சதவீதத்தைத் தடுக்க முடியும் என்கிறது அவ்வறிக்கை.

படுக்கைதோறும் கைகழுவும் திரவம், தடையற்ற தண்ணீர், போதிய செவிலியர், பயிற்சி பெற்ற துப்புரவுப் பணியாளர் ஆகியவை புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட மலிவானவை. ஓட்டலின் தூய்மையை விசாரித்துவிட்டு உள்ளே செல்லும் குடிமகன், மருத்துவமனையின் தொற்று விகிதத்தைக் கேட்டறிய வழியிருக்க வேண்டும். நாட்டின் நற்பெயரைக் காக்க உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுவே.