சாளரங் கழுவுந் தொழிலும் தூய நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரைக் கேத்திலிற் பல நாள் காய்ச்சி வந்தால், அதன் அடியில் வெண்ணிறமான கடினப் படை ஒன்று படிவதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடாக ஊறிச் செல்லும்போது அப்பாறையிற் சிறிதைக் கரைத்துக்கொண்டு வருவதே இதற்குக் காரணம். இலண்டன் மாநகரத்து வீடுகளிலும் கேத்தில்கள் இதே கோலத்திற் காணப்படுகின்றன. அந்நகருக்கு நீர் வழங்கும் தேம்சு, லீ என்னும் ஆறுகளும் நிலத்தடி ஊற்றுக்களும் வெண்சுண்ணப் பாறைகள் நிறைந்த பிரதேசத்தைச் சார்ந்தவை. பாறைகள் வேறாயினும் விளைவு ஒன்றே. இத்தகைய நீரை வன்னீர் என்பர்.

தேநீர் காய்ச்சுவோருக்கு இப்படை ஒரு சிறு தொல்லை. சாளரங் கழுவிச் சீவிப்போருக்கோ இது தொழிலையே தடுமாறச் செய்யும் தொல்லையாகும். வன்னீராற் கழுவிய கண்ணாடியைத் துடையாது விட்டால், நீர் ஆவியாகிப் போக, கரைந்திருந்த உப்புக்கள் வெண்புள்ளிகளாகக் கண்ணாடியிலே தங்கிவிடும். முற்காலத்திலே தொழிலாளி ஏணியில் ஏறி, சவர்க்கார நீரால் தேய்த்து, இறப்பர் விளிம்பு பூட்டிய கருவியால் நீரை வழித்தெடுத்துவிடுவார். புள்ளி விழுவதற்கு இடமில்லை. ஆனால் ஏணியிலிருந்து மனிதன் விழுவதற்கு இடமுண்டு. அங்ஙனம் விழுந்து உயிரிழந்தோரும் முடமானோரும் பலர்.

பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உயரத்தில் வேலைசெய்தல் பற்றிய ஒழுங்குவிதிகள், தவிர்க்கக்கூடிய இடத்தில் உயரத்திற் செய்யும் வேலையைத் தவிர்த்தல் வேண்டும் என விதித்தன. அதற்கு முன்னரே வழக்கிற்கு வந்திருந்த நீர்க்கோல் என்னும் கருவி அதன்பின் மேலும் பரவலாயிற்று. இஃது இலேசான காபன் நாரினாலோ வேறு பொருளினாலோ செய்யப்பட்ட நீண்ட கோல். அதன் நுனியிலே தூரிகை ஒன்றும், அத்தூரிகைக்கு நீர் கொண்டுசெல்லும் குழாயும் உண்டு. தொழிலாளி நிலத்தில் நின்றவாறே மேன்மாடிச் சாளரங்களைத் தேய்த்துக் கழுவலாம். சவர்க்காரமில்லை, துடைப்பதுமில்லை, நீர் தானாகவே உலர்ந்துவிடும். துடையாது உலரவிடும் நீரிலே கரைந்த பொருள் எதுவும் இருத்தலாகாது. ஆகவே நீரைத் தூய்தாக்கும் பொறியே இத்தொழிலின் இதயமாகிவிட்டது. அது தவறினால் தொழிலாளி மீண்டும் ஏணியை நாட வேண்டியதுதான்.

நீரின் தூய்மையை அளப்பது எளிது. கரைந்த உப்புக்கள் நீரில் மின்னைக் கடத்தும். எனவே மின்கடத்தும் ஆற்றலை அளக்கும் சிறு கருவி ஒன்று, பத்து இலட்சம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு உண்டென்பதை ஏறக்குறையக் காட்டிவிடும். இலண்டன் குழாய் நீரில் இவ்வெண் 300 அளவில் நிற்கும். கிளாஸ்கோ நகரமோ 1859 ஆம் ஆண்டு முதல் கற்றின் ஏரியின் மென்னீரைப் பெற்று வருகின்றது. அங்கே இவ்வெண் மிகக் குறைவு. சாளரத்திற் புள்ளி விழாதிருக்க, எண் 10க்கு மேற்படலாகாது என்பது தொழிலாளர் கண்ட அனுபவம். சுழியமே அவர்கள் நாடும் இலக்கு.

உப்பை நீக்க இரண்டு முறைகள் உள. ஒன்று அயன் பரிமாற்றம். மண்ணுக்கு இவ்வியல்பு உண்டென்பதைத் தொம்சன், வே என்னும் ஆங்கிலேயர் இருவர் 1850 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினர். 1935 ஆம் ஆண்டில் அடம்சு, ஓம்சு என்போர் இலண்டனுக்கு அண்மையிலுள்ள தெடிந்தனிலே செயற்கைப் பிசினால் இதனைச் செய்யலாமெனக் கண்டனர். சிறு மணிகளாக அமைந்த பிசின் இருவகைப்படும். ஒருவகை, கல்சியம், மகனீசியம் முதலியவற்றைப் பற்றிக்கொண்டு ஐதரசன் அயனை விடுக்கும். மற்றது, இருகாபனேற்று, குளோரைட்டு முதலியவற்றைப் பற்றிக்கொண்டு ஐதரொட்சைட்டு அயனை விடுக்கும். விடுபட்ட இரண்டும் கூடினால் உண்டாவது நீரேயன்றி வேறில்லை. இருவகை மணிகளும் கலந்த கலத்தினூடே நீர் சென்றால் எண் சுழியத்திற்கு இறங்கிவிடும்.

ஆயினும் பிசினுக்கு ஓர் எல்லையுண்டு. 25 லீற்றர் பிசின், 300 எண்ணுடைய நீரில் ஏறக்குறைய 2,000 லீற்றரைத் தூய்தாக்கியதும் சோர்ந்துவிடும். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 400 லீற்றர் செலவிடுவாராயின் அஃது ஐந்து நாட்களுக்கே போதும். நால்வர் வேலைசெய்தால் ஒரு நாளைக்குச் சற்று மேலாகவே நிற்கும். கிளாஸ்கோ மென்னீருக்குப் பிசின் மட்டுமே போதுமானது. இலண்டனிலோ அது கைம்முதலை விழுங்கிவிடும்.

இரண்டாவது முறை எதிர்ப் பிரசாரணம். 1748 ஆம் ஆண்டில் நொலே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலினூடே நீர் தானாகவே மதுசாரத்தின் பக்கம் புகுவதைக் கண்டார். நீர் செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி மென்சவ்வினூடே செல்லும் இவ்வியல்பே பிரசாரணம். செறிவு மிகுந்த பக்கத்தில் அமுக்கத்தைப் பிரயோகித்தால் இச்செயல் எதிர்த்திசையில் நிகழும். நீர் மட்டும் வெளியே வர, உப்பு பின்தங்கும். இதனைத் தொழிலுக்குகந்த வேகத்தில் நிகழ்த்தவல்ல மென்சவ்வை, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த சௌரிராசன் என்பவரும் 1960 ஆம் ஆண்டையொட்டி ஆக்கினர். 1965 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் கொலிங்கா என்னும் ஊர் இம்முறையாற் குடிநீர் பெற்றது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலே சிறுநீரக நோய் பரவிய கிராமங்களிற் குடிநீருக்கென நிறுவப்பட்ட நிலையங்களும் இம்முறையையே கையாளுகின்றன.

நல்ல மென்சவ்வு நூற்றுக்கு 95 பங்கு உப்பை நிறுத்திவிடும். 300 என்பது 15 ஆகும். எஞ்சிய 15ஐப் பிசின் நீக்கும். இங்ஙனம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தால், 2,000 லீற்றருக்கே போதிய பிசின், கணக்கின்படி 40,000 லீற்றருக்குப் போதும். நடைமுறையில் இத்தொகை குறையும். நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு வாயு மென்சவ்வைத் தடையின்றிக் கடந்து பிசினைச் செலவழித்துவிடுவதே அதற்கொரு காரணம். ஆயினும் ஆதாயம் பெரிதே.

இனி, தொழில் வளருங்காலத்து நேரும் இடர்ப்பாட்டை நோக்கலாம். ஒரு வானும் ஓர் ஆளுமாகத் தொடங்கியவருக்கு, நாளொன்றுக்கு 300 கலன் தரும் சிறு பொறி தாராளமாகவே தோன்றும். ஆட்கள் நால்வராகி, தேவை 1,600 லீற்றராக உயர்ந்ததும், ஒரு மார்கழிக் காலையில் வான்கள் வாயிலில் நிற்க, தாங்கி பாதியளவே நிரம்பியிருக்கக் காண்பார். கூலி ஓடும், வேலை ஓடாது. வாடிக்கைக்காரர் வேறோர் ஆளைத் தேடுவர். அவசரத்திலே பெரிய பொறியை வாங்கிவிடுவது இயல்பு. ஆயின், வாங்குமுன் குறைபாடு எங்கே இருக்கின்றதெனக் காணுதல் வேண்டும்.

முதலாவது, விற்பனைப் பத்திரிகையிற் காணும் கலன், பெரும்பாலும் அமெரிக்கக் கலன். அது 3.79 லீற்றர், பிரித்தானியக் கலனோ 4.55 லீற்றர். இவ்வேறுபாட்டை அறியாதவர் ஆறில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே இழப்பார். 300 அமெரிக்கக் கலன் 1,135 லீற்றரேயாகும். இரண்டாவது, அத்தொகை 25 பாகை சதமவெப்பநிலைக்கு உரியது. வெப்பநிலை ஒவ்வொரு பாகை குறையும்போதும் மென்சவ்வு தரும் நீர் நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் குறையும். மாரிக்காலத்து ஆங்கில நாட்டுக் குழாய் நீரில் அது பாதியளவாகிவிடுதல் கூடும். மூன்றாவது, அமுக்கம். குறிப்பிட்ட அமுக்கத்திற்பாதி கிடைத்தால், நீரும் ஏறக்குறையப் பாதியே கிடைக்கும். நகரக் குழாயின் அமுக்கம் போதாதவிடத்து அமுக்கப் பம்பி ஒன்றைச் சேர்ப்பதே, புதுப் பொறி வாங்குவதிலும் மலிவான பரிகாரமாக அமைதல் உண்டு.

நான்காவது, தாங்கி. பொறி இராப்பகலாக உழைக்க வல்லது. மனிதன் பகலிலேயே உழைப்பான். ஒரு பொறி மாரியில் மணிக்கு 100 லீற்றர் தருவதாகக் கொள்வோம். மாலை 4 மணி முதல் காலை 8 மணி வரை 16 மணித்தியாலத்தில் அது 1,600 லீற்றர் தரும், நால்வருக்கும் போதும். ஆனால் தாங்கி 1,000 லீற்றரே கொள்ளுமாயின், பின்னிரவு 2 மணிக்கு மிதவை நீர்வாயிலை மூடிவிடும். எஞ்சிய ஆறு மணித்தியாலமும் பொறி உறங்கும். இங்கே வேண்டியது பெரிய பொறியன்று, பெரிய தாங்கி. ஒளி புகாத தாங்கியாயின் பாசியும் பிடியாது.

இவற்றை ஆராய்ந்த பின்னரும் நீர் போதாதெனின், பெரிய மென்சவ்வை நாடலாம். 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உடைய மென்சவ்வை இத்தொழிலில் வளர்ந்தோர் பெரிதும் கையாளுகின்றனர். அதனுடன் வரும் கடமைகளும் உள. மென்சவ்வுக்கு முன் மண்டியைத் தடுக்கும் வடிகட்டியும், குளோரீனை நீக்கும் காபன் வடிகட்டியும் இருத்தல் வேண்டும். இக்காலத்து மென்சவ்வுகளைக் குளோரீன் அரித்துவிடும். பெரிய பொறிக்குப் பழைய சிறு வடிகட்டியையே வைத்துக்கொள்வது, புது மென்சவ்வைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

பொறியிலிருந்து தூய நீரோடு கழிவு நீரும் வெளிவரும். தூய நீருக்குச் சமமாகவோ அதனிலும் மிகுதியாகவோ அது வெளியேறுவதைக் கண்டு, சிக்கனம் கருதிக் கழிவு வாயிலை இறுக்குவாரும் உண்டு. பின்தங்கிய சுண்ணம் அப்போது மென்சவ்வின்மேற் கேத்திலிற் படிவது போற் படிந்து அதனை அடைத்துவிடும். வன்னீர்ப் பிரதேசத்தில் மென்சவ்வுக்கு முன் நீர் மென்மையாக்கி ஒன்றை வைத்தல் நன்று. ஆனால் மென்மையாக்கி மட்டுமே போதுமென எண்ணுதல் பெரும்பிழை. அது கல்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பது. உப்பின் தொகையைக் குறைப்பதன்று. அந்நீர் மென்சவ்வைக் காக்கும், சாளரத்தைக் காக்காது. கழிவு நீரை முற்றம் கழுவுதல் போன்ற தேவைகளுக்குச் சேமித்து வைக்கலாம்.

பொறியைக் கண்காணிக்க நாடோறும் மூன்று எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவருதல் போதும்: குழாய் நீரின் எண், மென்சவ்வைக் கடந்த எண், பிசினைக் கடந்த எண். நடு எண் 15 இலிருந்து 45 ஆக ஏறினால் மென்சவ்வு பழுதடைகின்றது என்பது பொருள்; பிசின் மும்மடங்கு விரைவாகச் செலவாகும். கடை எண் சுழியத்தை விட்டெழுந்தால் பிசின் மாற்றும் வேளை வந்துவிட்டது. சாளரத்தின் புள்ளியைக் கண்டபின் காரணந் தேடுவோர், வாடிக்கைக்காரரின் வாயாற் செய்தி அறிவோராவர். மென்சவ்வு உறைபனிக்கும் ஆற்றாது. ஆதலின் பொறியை வெப்பமுள்ள அறையிலேயே வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. வானிலே 500 லீற்றர் ஏற்றுபவர் அரைத்தொன் பாரத்தைச் சாரதியின் முதுகுக்குப் பின்னே ஏற்றுகின்றார். சடுதியாகத் தடை போட்டாலோ மோதல் நேர்ந்தாலோ, வெறும் வாரினாற் கட்டிய தாங்கி ஆட்களின்மேற் பாயும். தாங்கி, உருக்குச் சட்டத்தினால் வாகனத்தின் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட வேண்டும். வாகனம் தாங்கும் பாரவெல்லையையும் கடக்கலாகாது. ஏணியினின்று மனிதனைக் காக்கவந்த முறை, வீதியிலே அவனைப் பலிகொள்ளலாகாது.

ஆகவே, வளரும் தொழிலாளர் முதலில் அளக்க வேண்டும். அடுத்துத் தாங்கியையும் அமுக்கத்தையும் நோக்க வேண்டும். அதன் பின்னரே மென்சவ்வுக்குப் பணம் செலவிட வேண்டும். கேத்திலின் அடியிற் படியும் அவ்வெண்படையின் இயல்பை உணர்ந்தவருக்கு இம்முறை கடினமன்று. நீர் எதைச் சுமந்துவந்ததோ, அதையே விட்டுச்செல்லும்.