நிக்கத் தெரியுமா உங்களுக்கு?

மக்களே, மூணு மாசமா தாய்ச்சி கத்துக்கிட்டு இருக்கேன். ஜெட் லீ மாதிரி பறந்து பறந்து அடிக்கலாம்னு கனவோட போனவனுக்கு முதல் வாரம் முழுக்க சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். சும்மா நிக்கிறது! :-)

குரு வேற யாருமில்லை, எங்க ஹாஸ்டல்ல இருக்கிற சீனத்துப் பையன். அவன் முதல்ல திருத்தினதே என் தப்பைத்தான். தாய்ச்சியில வர்ற 'சி' மூச்சு, சக்தி எல்லாம் இல்லையாம். 'தாய்ஜி'ன்னா எல்லாத்துக்கும் மேலான எல்லைன்னு அர்த்தம். மூச்சு, உயிர்சக்தின்னு வர்ற 'சி' வேற எழுத்து. அது சிகோங்ல வர்றது. 'கோங்'னா பழகிப் பழகி வர்ற திறமை.

சரி, எப்படி நிக்கணும்? பாதம் ரெண்டும் தோள் அகலத்துல, ஒண்ணுக்கொண்ணு இணையா. முட்டி விறைப்பா இருக்கக்கூடாது, லேசா தளர்ந்திருக்கணும். உச்சந்தலையில நூல் கட்டி மேலே இழுக்கிற மாதிரி நினைப்பு. தோள் தொங்கணும், நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடணும், மூச்சு வயித்துக்குப் போகணும். அவ்வளவுதான். மூணு நிமிஷம் நின்னு பாருங்க, தொடை தந்தியடிக்கும்!

விடுமுறைக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில மாமா ரூமுக்குப் போவேன். லேத் பட்டறையில இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை. இடுப்பு வலி. ராத்திரி ஒரு மாத்திரை, காலையில ஒண்ணு. லீவு மட்டும் கேக்க மாட்டார். முதுகு போச்சுன்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயம். தங்கச்சி கல்யாணக் கடன் இன்னும் பாக்கி இருக்கே.

விடிகாலையில மொட்டைமாடியில நான் நின்னுக்கிட்டு இருந்தப்ப வந்தார்.

"என்னல மருமவனே, கம்பம் மாதிரி நிக்க? நான் பத்து மணி நேரம் நிக்கேன், எனக்கு எவன் காசு தாரான்?"

"நீங்களும் வந்து நில்லுங்க மாமா, பாப்போம்."

நின்னார். அப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு முட்டியும் கட்டை மாதிரி விறைப்பு, உடம்புக் கனம் மொத்தமும் வலது கால்ல. முட்டியத் தளர்த்தி, கனத்தை ரெண்டு காலுக்கும் பங்கு போடச் சொன்னேன். அப்புறம் சிகோங்ல ரொம்பப் பிரபலமான பாதுவான்ஜின், அதாவது எட்டுத் துண்டுப் பட்டு. எட்டே எட்டு அசைவு. முதல்ல ரெண்டு கையால வானத்தைத் தாங்கணும், அடுத்தது வில் இழுக்கிறது. பக்கத்துக் கட்டில் ஆளுங்களும் டீ கிளாஸோட வந்து சேர்ந்துட்டாங்க. 24 அசைவு தாய்ச்சிக்கு நானே இன்னும் போகலை. அது 1956-ல சீன விளையாட்டுத் துறை, யாங் பாணியைச் சுருக்கி எல்லாருக்குமா அமைச்சது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ண வேண்டியவைன்னு 2017-ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் குடுத்த பட்டியல்ல தாய்ச்சியும் இருக்கு. ஆனா எல்லா வலிக்கும் இது மருந்தில்லை.

நாலாவது வாரம் நின்னுக்கிட்டு இருந்தப்ப மாமா மெதுவா சொன்னார். "ஏல, இடது பாதம் தரையில இருக்கதே தெரியலல."

எனக்குத் திக்குன்னுச்சு. "எத்தனை நாளா மாமா?"

"யாருக்குத் தெரியும்? இப்படி சும்மா நின்னு பாத்ததே இல்லையே."

கால் மரத்துப் போச்சுன்னா அது டாக்டர் பாக்க வேண்டிய விஷயம், என் அரைகுறை வித்தைக்கு அங்க வேலையில்லை. ரெண்டு நாள் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்கேன். இந்த வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்.

அதுக்குள்ள நீங்களும் ஒரு மூணு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. உடம்பு ஏதாவது சொல்லுதான்னு கவனிங்க.