மிளகு வியாபாரிகள் வளர்த்த லண்டன்



லண்டன் சென்று வருகிறவர்கள் பெரும்பாலும் பிக் பென் மணிக்கூண்டு, பக்கிங்ஹாம் அரண்மனை, டவர் பாலம் இவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். அவையும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் மளிகையும் மண்டியும் நடத்தும் நமக்கு அந்த நகரத்தில் காண வேண்டியவை வேறு பல உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்நாளில் நம்மில் பலருக்கும் அங்கே போகும் வாய்ப்பு வருகிறது. போகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும், போகாதவர்கள் தெரிந்துகொள்ளவும் இதை எழுதுகிறேன்.

தெருப் பெயரே சாட்சி

‘சிட்டி’ என்று அழைக்கப்படும் பழைய லண்டன் ஏறத்தாழ ஒரு சதுர மைல்தான். ரோமானியர்கள் கி.பி. 50-ஐ ஒட்டித் தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைத்த வியாபாரப் பட்டினம் அது. அதன் கடைத்தெருவுக்குச் சீப்சைடு என்று பெயர். ‘சீப்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. அதை ஒட்டி ரொட்டித் தெரு, பால் தெரு, தேன் சந்து, கோழிக்காரர் தெரு என்று இன்றும் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. எந்தச் சரக்கு எங்கே விற்றது என்பதை நடந்துகொண்டே படித்துவிடலாம்.

1666-ஆம் ஆண்டு புட்டிங் சந்தில் ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் பிடித்த தீ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் எரித்துச் சாம்பலாக்கியது. அதன் நினைவாக 202 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. முழங்கால் பலம் உள்ளவர்கள் 311 படி ஏறி ஊரைப் பார்க்கலாம். தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியதுதான் இன்றுள்ள புனித பால் பேராலயம்.

மளிகைக்காரர் சங்கம்

சீப்சைடுக்கு அருகே சோப்பர் சந்து என்ற இடத்தில் அக்காலத்தில் மிளகு வியாபாரிகள் கூடிக் குடியிருந்தார்கள். அரசரின் அனுமதி பெறாமல் சங்கம் நடத்தியதற்காக 1180-இலேயே அவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. சங்கம் வைப்பவனுக்கு அன்றும் தொல்லைதான்! 1345-இல் 22 மிளகு வியாபாரிகள் மறுபடியும் கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். மொத்தமாகக் கொள்முதல் செய்பவர்கள் என்ற பொருளில் அவர்களுக்குக் ‘குரோசர்’ என்ற பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் மளிகைக்காரரைக் குறிக்கும் அந்தச் சொல், மொத்த வியாபாரியைக் குறித்துப் பிறந்தது.

அந்தச் சங்கத்தின் சின்னத்தில் ஒன்பது கிராம்பும், மேலே சுமை ஏற்றிய ஓர் ஒட்டகமும் இருக்கின்றன. லண்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிற் சங்கங்கள் உள்ளன. மரியாதை வரிசையில் குரோசர் சங்கத்திற்கு இரண்டாம் இடம். நவம்பர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, புதிய நகரத் தந்தை பதவியேற்கும் ஊர்வலம் நடக்கும். இந்தச் சங்கங்களும் அதில் கலந்துகொள்ளும். அந்த நாளில் அங்கே இருக்க நேர்ந்தால் தவற விடாதீர்கள்.

அச்சங்கத்திற்கு இரண்டு பொறுப்புகள் இருந்தன. ஒன்று, அரசரின் பெரிய தராசில் சரக்கை எடைபோடுவது. மற்றொன்று, துறைமுகத்தில் இறங்கும் மிளகு, இஞ்சி, பட்டை, கிராம்பைச் சலித்து, மண்ணும் தூசியும் நீக்கி, சுத்தமான சரக்கென்று சான்று கொடுப்பது. கலப்படம் செய்தவன் சொந்தச் சங்கத்துக்காரனாக இருந்தாலும் விடமாட்டார்கள். இஞ்சித் தூளிலும் பட்டைத் தூளிலும் கலப்படம் செய்த ஒரு மளிகைக்காரருக்கு 1456-இல் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம் போட்டார்கள்.

இன்று வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் அச்சங்கத்திடம் இல்லை. தர்ம காரியங்களுக்கும் கல்விக்கும் உதவி வருகிறது. அதன் உறுப்பினர் வில்லியம் லாக்ஸ்டன் எழுதிவைத்த உயிலின்படி 1556-இல் ஏற்பட்ட ஔண்டில் பள்ளி இன்றும் நடக்கிறது. நம் விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கண்டதைப் போன்றதுதான் இதுவும்.

சல்லடை கைமாறியபோது

காலப்போக்கில் சங்கத்தின் பிடி தளர்ந்தது. ஊர் பெருத்தது, போட்டியும் பெருத்தது. 1820-இல் லண்டனில் வாழ்ந்த ஃபிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானிய வேதியியலார் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆளி விதைப் பிண்ணாக்கு, களிமண், கொஞ்சம் மிளகாய்த் தூள் இவற்றைச் சேர்த்து உருட்டிப் போலி மிளகு செய்து நல்ல மிளகோடு கலந்ததை அதில் அம்பலப்படுத்தினார். தண்ணீரில் போட்டால் போலி கரைந்துவிடும், நல்ல மிளகு முழுதாக நிற்கும் என்று சோதனையும் சொன்னார். நம் பக்கத்தில் பப்பாளி விதை கலந்தால் அது தண்ணீரில் மிதக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தேசம் வேறு, தந்திரம் ஒன்றுதான்.

அடுத்து ஆர்தர் ஹசால் என்ற மருத்துவர் 1851 முதல் 1854 வரை கடை கடையாகச் சரக்கு வாங்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலப்படம் செய்த கடை எது, நல்ல சரக்கு விற்ற கடை எது என்று பெயரும் முகவரியும் ஒரு மருத்துவ இதழில் அச்சாயின. 1860-இல் ஒரு சட்டமும், 1875-இல் அதைவிடக் கடுமையான சட்டமும் வந்தன. நம் நாட்டில் 1954-இல் கலப்படத் தடைச் சட்டமும், பிறகு அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. வியாபாரியின் கையில் இருந்த சல்லடை அதிகாரியின் கைக்குப் போன கதை இதுதான்.

சுவரில் பதித்த கஜக்கோல்

டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணையும் சிங்கங்களையும் பார்த்தபின், வடபுறம் உள்ள மேல்தளத்தின் ஓரத்திற்குப் போங்கள். அங்குலம், அடி, கஜம் ஆகிய அளவுகள் பித்தளையில் பதிக்கப்பட்டிருக்கும். 1876-இல் வைத்தவை. கடைக்காரன் அளந்தது சரிதானா என்று வேண்டியவர் வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் வாசலிலும் இப்படிப்பட்ட அளவுகள் உண்டு.

செயின்ட் ஜேம்ஸ் தெரு 3-ஆம் எண்ணில் 1698-இல் ஒரு விதவைப் பெண்மணி மளிகைக் கடை தொடங்கினார். பிற்காலத்தில் அது பெர்ரி பிரதர்ஸ் என்ற மது வணிக நிறுவனம் ஆயிற்று. காப்பிக்கொட்டை நிறுத்த பெரிய தராசில் வாடிக்கையாளர்களையும் உட்காரவைத்து எடைபோட்டு, 1765 முதல் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். கவிஞர் பைரன் எடையும் அதில் இருக்கிறது. ஸ்டிராண்ட் சாலை 216-ஆம் எண்ணில் டுவைனிங்ஸ் தேயிலைக் கடை இருக்கிறது. 1706-இல் தொடங்கிய வியாபாரம், இடம் மாறவில்லை. நம் ஊர்ச் சந்துக் கடை போலக் குறுகலான கடைதான்.

காப்பிக் கடையும் கம்பெனியும்

எட்வர்ட் லாய்ட் என்பவரின் காப்பிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்து லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது. இன்று லெடன்ஹால் தெருவில் லாய்ட்ஸ் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது. 1639-இல் சென்னையில் இடம் வாங்கிய அதே கம்பெனி. வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாட்டையே பிடித்துக்கொண்ட வரலாற்றை நாம் மறக்கலாகாது. அந்த இடத்தில் கம்பெனியின் கட்டடம் இன்று இல்லை. அருகே 1881-இல் கட்டிய லெடன்ஹால் சந்தை அழகாக நிற்கிறது.

பிரிட்டிஷ் மியூசியத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கும். ரோமானியர் பிரிவில், 1992-இல் ஹாக்ஸன் என்ற ஊரில் புதையலாகக் கிடைத்த வெள்ளி மிளகுச் சிமிழைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெண்மணியின் உருவத்தில் செய்தது, சுமார் 1600 ஆண்டுப் பழமை. அந்நாளில் ரோமானியருக்கு மிளகு போனது நம் சேர நாட்டுக் கரையிலிருந்துதான்.

சந்தை இடம் மாறினால்

கோவன்ட் கார்டன் காய்கனிச் சந்தை 1974-இல் நைன் எல்ம்ஸுக்கு மாற்றப்பட்டது. கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனதை அனுபவித்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். பழைய கட்டடத்தை இடிக்காமல் 1980-இல் சில்லறைக் கடைகளாகத் திறந்தார்கள். இன்று எந்நேரமும் கூட்டம்.

லண்டன் பாலத்தின் அருகே உள்ள பரோ சந்தை தன் ஆயிரமாவது ஆண்டை 2014-இல் கொண்டாடியது. சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகியதால் அதன் மொத்த வியாபாரம் படுத்துவிட்டது. 1990-களின் இறுதியில் தரமான பாலாடைக்கட்டி, ரொட்டி, காய்கனி விற்கும் சிறு வியாபாரிகளுக்கு இடம் கொடுத்து மீண்டார்கள். விலையில் பெரிய கடையை வெல்ல முடியாது; சரக்கில் வெல்லலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

சிறு கடைகளுக்குச் சட்டமும் ஒரு கை கொடுக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். சிறு கடைக்குத் தடையில்லை. இதைத் தளர்த்த 2016-இல் அரசு கொண்டுவந்த திட்டம் நாடாளுமன்றத்தில் 317-க்கு 286 என்ற வாக்குகளில் தோற்றது. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பகுதிகளில் நம் தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடைகளுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பெரிய துணை. அங்கே போனால் ஒரு கடையிலாவது நுழைந்து நலம் விசாரித்து வாருங்கள்.

எடை சரியாக இருக்கவும், சரக்கு சுத்தமாக இருக்கவும் வணிகர்கள் தாமே காவல் நின்ற காலத்தில் லண்டன் சங்கங்களுக்கு மதிப்பு இருந்தது. காவல் தளர்ந்ததும் அந்த வேலைக்கு வெளியார் வந்தார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் தராசு, மிளகு, பருப்பு, மஞ்சள் தூள் இவற்றை நாமே சோதித்துப் பார்க்க மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன்.