வாரிசு இல்லாத சிங்கங்கள்: திருப்பதி உயிரியல் பூங்காவில் அடுத்து என்ன?

புதுதில்லி:

சர்க்கஸ் கூடாரங்களில் இருந்து மீட்கப்பட்டு திருப்பதி ஸ்ரீவெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவில் அடைக்கலம் பெற்ற சிங்கங்கள், நாட்டின் வன உயிரினக் கொள்கை எதிர்கொள்ளும் ஒரு சங்கடமான கேள்வியின் அடையாளமாகியுள்ளன. அவை சாகும் வரை பராமரிக்கப்பட வேண்டும். ஆனால் இனம் பெருக்கக் கூடாது. அந்த வரிசை முடிந்த பின் அவற்றின் இடத்தில் எதைக் கொண்டு வருவது என்பதில் விலங்கு ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

சேஷாசலம் மலையடிவாரத்தில் 5,532 ஏக்கரில் அமைந்துள்ள இப்பூங்கா, 1987 செப்டம்பர் 29-ல் தொடங்கப்பட்டது. பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று. இதிகாசங்களிலும் புராணங்களிலும் இடம்பெறும் விலங்குகளை மக்களுக்கு அறிமுகப்படுத்துவது இதன் தொடக்க கால நோக்கங்களுள் ஒன்று. திருமலைக்கு வரும் தமிழக பக்தர்களும், புத்தூர், நகரி, கார்வேட்டிநகரம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் பார்வையாளர்களில் கணிசமானோர். பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் ஜமீன்களில் ஒன்றாக இருந்த கார்வேட்டிநகரம் இன்று சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது பூங்கா புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றது.

கூடாரத்தில் இருந்து காப்பகத்துக்கு...: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய 5 விலங்குகளைப் பயிற்றுவித்து வித்தை காட்டுவதற்குத் தடை விதித்து மத்திய அரசு 1998 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். கேரள உயர் நீதிமன்றம் 2000-ல் தடையை ஏற்றது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தீர்ப்பு வந்துவிட்டது, விலங்குகள் எங்கே போவது? பிறந்தது முதல் கூண்டையும் சாட்டையையும் மட்டுமே அறிந்த அவற்றைக் காட்டில் விட வழியில்லை. எனவே சென்னை வண்டலூர், பெங்களூர் பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், திருப்பதி உள்ளிட்ட இடங்களில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஏற்பாட்டில் மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டன.

கலப்பினம் ஏன் சிக்கல்?: சர்க்கஸ் நிறுவனங்கள் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் ஆசியச் சிங்கத்தையும் பல தலைமுறைகளாகக் கலந்து வளர்த்தன. ஆசியச் சிங்கம் இயற்கையில் எஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே. கலப்பினம் பெருகி, தூய வரிசையுடன் சேர்ந்துவிட்டால், காப்பு இனப்பெருக்கத் திட்டமே பாழாகும் என்பது அறிவியலாளர்களின் அச்சம்.

அந்த அச்சத்துக்கு முன்னுதாரணம் உண்டு. சண்டீகர் அருகே உள்ள சத்பீர் பூங்காவில் சர்க்கஸ் சிங்கங்களுடன் ஆசியச் சிங்கங்கள் இணைசேர விடப்பட்டன. எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது. ஆனால் குட்டிகளிடம் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியது, பின்னங்கால்கள் வலுவிழந்தன. இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டு, எஞ்சியவை தனியே பராமரிக்கப்பட்டு ஒவ்வொன்றாக மறைந்தன. மீட்பு மையங்களில் இனப்பெருக்கத்துக்கு இடமில்லை என்ற கொள்கையில் உறுதி காட்டப்படுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அதேநேரத்தில், "கலப்பு' என்ற சொல்லின் பொருளே மாறி வருவதையும் ஆர்வலர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையின வல்லுநர் குழு 2017-ல் வெளியிட்ட வகைப்பாட்டில், கிர் சிங்கமும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சிங்கமும் ஒரே துணையினமாக வைக்கப்பட்டன. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கச் சிங்கங்களே மற்றொரு துணையினம். ஆயினும் இந்தியாவில் ஆசியச் சிங்கம் தனித்தே பேணப்படுகிறது.

இரு தரப்பு வாதங்கள்: மீட்கப்பட்ட விலங்குகளின் இடத்தை, குஜராத்தின் ஜுனாகத் சக்கர்பாக் பூங்காவுடன் தொடர்புடைய தூய ஆசியச் சிங்கங்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். கிர் சிங்கங்கள் 2015-ல் 523 ஆகவும், 2020-ல் 674 ஆகவும், 2025-ல் 891 ஆகவும் உயர்ந்துள்ளன. ஆனால் அனைத்தும் ஒரே மாநிலத்தில் இருப்பது ஆபத்து. 2018-ல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி பரவிய சமயத்தில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் கிர் பகுதியில் இறந்தன.

கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்ற 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குஜராத்தின் தயக்கத்தால் அது நிறைவேறவில்லை. அதே குனோவில் 2022 செப்டம்பர் 17-ல் நமீபியாவின் சிவிங்கிப் புலிகள் வந்து இறங்கின. காட்டில் இரண்டாவது இல்லம் கிடைக்காத நிலையில், தொலைதூரப் பூங்காக்களிலாவது தூய வரிசை பேணப்பட வேண்டும் என்கின்றனர் இத்தரப்பினர்.

மறு தரப்பினரோ, மக்கள் கூட்டத்தை ஈர்க்கும் பெரிய விலங்குகளின் மீதான மோகமே தவறு என்கின்றனர். செம்மரக் காடுகள் சூழ்ந்த சேஷாசலம் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கு, பொன்னிறப் பல்லி, சிறுத்தை, செந்நாய் என இம்மலைக்கே உரிய உயிரினங்களைக் காட்சிப்படுத்தினால், கார்வேட்டிநகரத்துச் சிறுவன் தன் ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் என்ன வாழ்கிறது என்பதை அறிந்துகொள்வான் என்பது அவர்களின் கருத்து. தொற்று அபாயத்தையும் அவர்கள் நினைவூட்டுகின்றனர். 2021 மே மாதம் ஹைதராபாத் நேரு பூங்காவின் 8 ஆசியச் சிங்கங்களுக்கு கரோனா உறுதியானது. அடுத்த மாதமே வண்டலூரில் சிங்கங்கள் உயிரிழந்தன.

2024 பிப்ரவரியின் இரு நிகழ்வுகள்: 2024 பிப்ரவரி 15-ல் திருப்பதி பூங்காவின் சிங்க அடைப்பிடத்துக்குள் தடுப்பைத் தாண்டிக் குதித்த ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர், சிங்கம் தாக்கி உயிரிழந்தார். 2014 செப்டம்பரில் தில்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞருக்கு நேர்ந்ததை இது நினைவூட்டியது. புதிய காட்சியகம் எதுவானாலும், முதலில் அகழியும் தடுப்பும் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது.

அச்சம்பவம் நடந்த 4-வது நாளில், பிப்ரவரி 19-ல், தில்லியில் உச்ச நீதிமன்றம் முக்கியமான இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. வன நிலத்தில் அரசு அமைக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் 2023-ம் ஆண்டு வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் இன்றி அத்தகைய திட்டங்கள் கூடாது என்று உத்தரவு கூறியது. பூங்கா விலங்குகளைப் பரிமாறிக்கொள்ள வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்தின் அனுமதியும் தேவை. ஆக, திருப்பதியில் எந்த விலங்கு வரும் என்பதை முடிவு செய்யும் இடம் இறுதியில் தில்லியே.

சர்க்கஸ் தடை வந்தபோது மீட்கப்பட்ட தலைமுறை இயற்கையின் கணக்குப்படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடைப்பில் வாழும் சிங்கமும் 20 ஆண்டுகளைக் கடப்பது அரிது. கூடாரத்துக் கைதட்டல் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிங்கங்களை உருவாக்கியதும் மனிதன்தான். வாரிசு வேண்டாம் என்று முடிவெடுத்ததும் மனிதன்தான். காலியாகும் அடைப்பிடத்தை நிரப்பும்போதாவது, பார்வையாளரின் ஆவலுக்கு முன் விலங்கின் தேவை எண்ணிப் பார்க்கப்படுமா என்பதே ஆர்வலர்களின் கேள்வி.